டிராக்டருக்கு ஒரு பிரெஞ்சுப் புத்தகம்

எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் கார் நிற்கும் இடத்துக்கு ஒரு சனிக்கிழமை காலையில் டிராக்டர் வந்து சேர்ந்தது. வந்தது என்றால் ஓடி வரவில்லை. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, கயிறு கட்டி, ஆறு பேர் பிடித்துத் தள்ளி உள்ளே விட்டார்கள். கார் தெருவுக்குப் போனது.

அந்த டிராக்டர் என் கணவரின் பெரியப்பாவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து பாகூர் பக்கம் நிலம் வாங்கியவர், அதைப் பிரான்ஸிலிருந்து கப்பலில் வரவழைத்தாராம். அவர் போய் வெகுகாலம் கழித்து நிலத்தை விற்ற அவருடைய மகன், "வேணும்னா நீ எடுத்துக்க, இல்லன்னா காயலாங்கடைக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். என் கணவர் பொதுப்பணித் துறையில் வரைபடம் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, எட்டு மாதமாக வீட்டு ஜன்னல்களை அளந்து குறித்துக் கொண்டிருந்தார். அவர் "வேணும்" என்று சொன்னதில் ஆச்சரியமில்லை. என்னைக் கேட்காமல் சொன்னதுதான் வருத்தம்.

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். டிராக்டரை இரண்டு முறை சுற்றி வந்தார். டயரை உதைத்தார்.

"எஞ்சின எறக்கிப் பாத்தாத்தான் சார் தெரியும்."

"இதுக்கு மேனுவல் இல்லாம எப்படிப் பிரிப்பீங்க?" என்றார் என் கணவர்.

மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. "முப்பது வருஷமா தொழில் பண்றேன். புக்க பாத்து நான் ஸ்பேனர் புடிச்சதில்ல சார்."

அவர் போனதும் என் கணவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மேனுவல் என்பது ஒரு புத்தகம் அல்ல, மூன்று விதம் என்று அன்று மாலை எனக்கு விளக்கினார். ஓட்டுகிறவருக்கு ஒன்று: எங்கே எண்ணெய் விட வேண்டும், எப்போது தண்ணீர் மாற்ற வேண்டும் என்று சொல்லும் மெல்லிய புத்தகம். பட்டறைக்கு ஒன்று: முழுக்கப் பிரித்து மறுபடி மாட்டுவது எப்படி என்று சொல்லும் தடித்த புத்தகம். மூன்றாவது, உதிரிப் பாகங்களின் பட்டியல்; அதில் எழுத்தே கிடையாது, படமும் எண்ணும்தான்.

அவருக்கு மூன்றாவதுதான் பிடித்திருந்தது. படம் நன்றாக இருக்கிறதாம்.

"படத்த பாத்தா எந்த நட்ட எவ்வளவு முறுக்கணும்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"நல்ல படமா இருந்தா தெரியும்."

இதற்காக நாங்கள் நான்கு நாள் பேசாமல் இருந்தோம் என்றால் நம்புவது கஷ்டம். ஆங்கிலத்தில் பட்டறைப் புத்தகம் ஒன்று கிடைப்பதாக இருந்தது. ஆனால் அது எந்தக் காலத்திலோ நகல் எடுத்ததை மறுபடி நகல் எடுத்தது. மாதிரிப் பக்கத்தில் கியர் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் மை கொட்டியதுபோல ஒரு கறுப்புதான் இருந்தது. வரைபடக்காரர் அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக் கொண்டார். பிரெஞ்சு மூலப் புத்தகத்தில் படங்கள் தெளிவு, எழுத்தும் தெளிவு. ஆனால் அவருக்குப் பிரெஞ்சு வராது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிரெஞ்சு நடத்திய நான் பக்கத்து நாற்காலியில் பட்டாணி உரித்துக் கொண்டிருந்தேன்.

"நீ படிச்சுச் சொல்லுவியா?" என்று கேட்டார். நான்கு நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை அது. சரி என்றேன்.

புத்தகம் விற்பவர்கள் டிராக்டரின் வரிசை எண்ணைக் கேட்டார்கள். அந்த எண் பொறித்த தகட்டின்மேல் நான்கு பூச்சு பெயின்ட், அதற்கும் மேலே வருஷாவருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கல்லாக இறுகிக் கிடந்தன. என் கணவர் தேங்காய் எண்ணெயும் பழைய டூத் பிரஷுமாக மூன்று நாள் தேய்த்தார். கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. மூன்று என்றால் ஒரு மாடலாம், எட்டு என்றால் வேறு மாடலாம். தகட்டின்மேல் டிரேசிங் பேப்பரை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, "எட்டு" என்று தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பு சரிதான். அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

கிறிஸ்துமஸுக்குப் பிரான்ஸிலிருந்து வந்த என் நாத்தனார் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"ரெண்டரை கிலோண்ணே! இதுக்காக சீஸ அங்கியே வெச்சுட்டு வந்தேன். அண்ணி, நீங்களாவது சொல்லக் கூடாதா? டிராக்டர் வாங்கற வயசா இது?"

என் கணவர் அதற்குள் புத்தகத்தைத் திறந்திருந்தார். டிராக்டரின் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாகக் கழன்று, வரிசையாக அந்தரத்தில் நிற்பதுபோன்ற படங்கள். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. கல்யாண ஆல்பத்தை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

ஜனவரியில் டிராக்டரை மறுபடி லாரியில் ஏற்றி அதே தட்டாஞ்சாவடிப் பட்டறைக்கு எடுத்துப் போனோம். மெக்கானிக் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வகுப்பில் படிப்பதுபோல உரக்க ஆரம்பித்தேன்.

நான் நடத்திய பிரெஞ்சில் ஷெமீஸ் என்றால் சட்டை. பூஜி என்றால் மெழுகுவர்த்தி. அர்ப்ர் என்றால் மரம். டிராக்டர் செய்தவர்கள் அந்த வார்த்தைகளை எடுத்து என்னென்னவோ பாகங்களுக்கு வைத்திருந்தார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"வண்டியைக் கிளப்பும் முன் மெழுகுவர்த்திகளைச் சூடாக்கவும்" என்று படித்தேன்.

"ஏத்தி வெச்சிட்டு வேண்டிக்கணுமா டீச்சரம்மா?" என்றார் மெக்கானிக்.

"மரத்தை வெளியே எடுக்கும் முன் சின்ன மெத்தைகளுக்கு அடையாளம் வைக்கவும்."

"இது டிராக்டர் புக்கா, கல்யாண சீர்வரிசை லிஸ்ட்டா?"

என் கணவர் அந்தந்தப் பக்கத்துப் படத்தில் விரல் வைத்துக் காட்டுவார். மெக்கானிக் எட்டிப் பார்த்து, "ஓ, ஹீட்டர் பிளக்கா", "ஓ, ஷாஃப்ட்டா", "ஓ, பேரிங்கா" என்பார். சிலிண்டருக்குள் செருகியிருக்கும் உருளைதான் சட்டை என்று இரண்டாவது நாள் தெரிந்தது. நாலாவது நாள் மெக்கானிக்கே லைனர் என்று சொல்வதை விட்டுவிட்டுச் சட்டை என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்கு ஒரு மாணவன் கிடைத்த சந்தோஷம்.

அன்று சாயங்காலம் எஞ்சினைப் பிரித்து, சட்டைகளை மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கின்மேல் அடுக்கியிருந்தார். நான் படித்தேன்: "மூன்று சட்டைகளையும் எடுத்த வரிசையிலேயே வைக்கவும்."

"இன்னொரு தபா படிங்க."

"மூன்று சட்டைகளையும்..."

மெக்கானிக் சாக்கைப் பார்த்தார். விரலால் எண்ணினார். பிறகு என் கணவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "அப்ப இந்த நாலாவது சட்டை யாருது சார்?"

ஒரே ஒரு எண்ணுக்காக மூன்று நாள் தேங்காய் எண்ணெய் போட்டவர், எஞ்சினில் எத்தனை சிலிண்டர் என்று எண்ணிப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன், முடியவில்லை. புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினேன். என் கணவர் எழுந்து டீக்கடைக்குப் போனார். அரை மணி நேரம் வரவில்லை. சிரித்திருக்க வேண்டாம் என்று பிறகுதான் உறைத்தது. நானே போய்ப் பக்கத்தில் நின்று, எனக்கும் ஒரு டீ சொன்னேன்.

அங்கிருந்தே பெரியப்பா மகனுக்கு ஃபோன் போட்டார்.

"அந்த எஞ்சினா?" என்றார் அவர் சாவகாசமாக. "அது என் பெரியவன் பொறந்த வருஷமே போச்சே. அப்பா வேற எங்கியோ ஒண்ணு வாங்கி மாட்டுனார். நீ கேக்கல, நான் சொல்லல."

ஆக, டிராக்டர் பிரெஞ்சு, எஞ்சின் உள்ளூர். ரெண்டரை கிலோ புத்தகத்தில் முன்பாதி வீண். பட்டறைக்குத் திரும்பி இதைச் சொன்னோம். மெக்கானிக் எஞ்சின் ஓரத்தில் பொறித்திருந்த எண்ணைக் கந்தலால் துடைத்துப் பார்த்தார். கழுத்தைச் சொறிந்தார். உள்ளே போனார். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பாலிதீன் கவரில் சுற்றிய எதையோ எடுத்துவந்து, எங்கள் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் வைத்தார்.

அதே எஞ்சினுக்கான பட்டறைப் புத்தகம். ஆங்கிலம். ஒவ்வொரு பக்கத்திலும் கிரீஸ் கைரேகை.

"புக்க பாத்து ஸ்பேனர்..." என்று என் கணவர் ஆரம்பித்தார். நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன்.

"கஸ்டமர் முன்னாடி புக்க தொறந்தா, இவனுக்குத் தொழில் தெரியலன்னு வண்டிய தள்ளிக்கிட்டுப் போயிடுவான் சார்" என்றார் மெக்கானிக். "ஷட்டர் போட்டுட்டுத்தான் பாப்பேன்."

நான் வாங்கிப் புரட்டினேன். ஓரங்களில் பால்பாயின்ட் பேனாவால் தமிழில் குறிப்புகள். 'இங்க புக்கு தப்பு.' 'இப்படி மாட்டினா லீக் ஆவும்.' ஒரு பக்கம் முழுவதையும் குறுக்கே அடித்து, கீழே அவரே வேறு முறை எழுதியிருந்தார். முப்பது வருஷத்தில் நான் திருத்திய எந்த விடைத்தாளும் இத்தனை கவனமாகத் திருத்தப்பட்டதில்லை. அதைச் சொன்னேன். அவர் காது சிவந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்றதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

அதன் பிறகு இரண்டு புத்தகங்களும் மேஜையில் பகலிலேயே திறந்து கிடந்தன. எஞ்சினுக்கு அவருடையது, கியர் பெட்டிக்கும் பின் அச்சுக்கும் எங்களுடையது. "டீச்சரம்மா, கியர் பாக்ஸ் பாடம் எடுங்க" என்று அவரே கேட்பார்.

மார்ச் மாதம் ஒரு காலையில் எஞ்சின் கிளம்பியது. பக்கத்துக் கம்பெனி ஆட்கள் புகையில் இருமிக்கொண்டு வெளியே வந்து கைதட்டினார்கள். யார் முதலில் ஓட்டுவது என்று என் கணவருக்கும் மெக்கானிக்குக்கும் வாக்குவாதம். கியர் விழும் முறை புத்தகத்தில் போட்டபடிதான் என்கிறார் ஒருவர், இல்லை என்கிறார் மற்றவர். அந்தப் பாடத்தை இரண்டு முறை முழுதாகப் படித்தவள் நான்தான் என்று சொல்லி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே ஏறிவிட்டேன்.

முதல் கியர் விழுந்தது, புத்தகத்தில் போட்டபடி. டிராக்டர் நகர்ந்தது. பேட்டை ரோட்டில் ஒரு சுற்று ராஜாத்தி மாதிரி வந்தேன். நிறுத்தலாம் என்று கிளட்சை மிதித்தால், என் கால் பலத்துக்கு அது அடங்கவில்லை. மிதிப்பேன், கால் நழுவும், வண்டி ஒரு குதி குதித்து மறுபடி கிளம்பும். கியர் வெளியே வர மறுத்தது. எஞ்சினை நிறுத்தும் குமிழ் புத்தகத்தில் வலது பக்கம். ஆனால் எஞ்சின்தான் அந்த எஞ்சின் இல்லையே.

"எங்க இருக்குது?" என்று கத்திக்கொண்டே பட்டறையைக் கடந்தேன். மூன்றாவது சுற்றில் மெக்கானிக் கூடவே ஓடிவந்து, என் சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு கம்பியை இழுத்தார். டிராக்டர் அடங்கியது. என் கை ஸ்டியரிங்கை விட்டு வர இன்னும் கொஞ்ச நேரமாயிற்று.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த என் கணவர் கேட்டார். "ரிவர்ஸ் போட்டுப் பாத்தியா?"

டிராக்டர் இப்போது பிள்ளைச்சாவடியில் இருக்கிறது. கடலிலிருந்து வரும் போட்டுகளை மணலில் இழுத்து மேலே ஏற்ற அங்கே ஒரு வண்டி தேவைப்பட்டது. மெக்கானிக்தான் ஆளைக் காட்டினார். தினமும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது என் கணவர் போட்ட ஒரே நிபந்தனை. கழுவுகிறார்களா என்று பார்க்க வாரம் இரண்டு முறை போகிறார், மீனோடு வருகிறார். போன வாரம் அங்கே ஒருவர் தன் போட் எஞ்சினைக் காட்டி, இதற்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று யோசனை கேட்டிருக்கிறார். நான் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக் கொண்டிருந்தபோது என் கணவர் மெல்ல வந்து பக்கத்தில் நின்றார்.

"ஜப்பான் மொழி ரொம்பக் கஷ்டமா இருக்குமா?"