நான் கேட்ட ரிவியூ

இன்று மதியம் சான் ஹோசேயில் ஐஸ் ஹாக்கி மேட்ச். இரண்டு டிக்கெட், ஒரு ஆள். விசா ஸ்டாம்பிங்குக்காகச் சென்னை போன மனைவி இன்னும் அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவள் சீட்டில் என் ஜாக்கெட் உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்த சீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர்.

கடைசி நேரத்தில் எங்கள் டீம் கோல் போட்டது. அரங்கமே எழுந்து குதித்தது. எனக்கென்னவோ ரப்பர் வட்டை மட்டையால் அடிக்காமல் கையால் தள்ளிவிட்ட மாதிரி தெரிந்தது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த உடம்பு. கேப்டன்கள் ரிவியூ கேட்பதுபோல் இரண்டு கைகளும் தாமாகக் குறுக்கே சேர்ந்துவிட்டன.

நடுவர் என்னைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் வீடியோவைப் போட்டுப் பார்த்து, கோல் செல்லாது என்று சொல்லிவிட்டார்.

பெரியவர் ஜாக்கெட்டைத் தாண்டி என் பக்கம் சாய்ந்தார். நீ எந்த டீம் ஆள் என்று கேட்டார். நடுவர் செய்தது நியாயம்தான் என்றேன். பார்க்கிங் வரை திட்டிக்கொண்டே வந்தார். நானும் விடவில்லை.

சாயங்காலம் மனைவி போன் பண்ணினாள். "தனியாவா போனீங்க?"

"இல்லம்மா, ஒருத்தரோட சண்டை போட்டுட்டு வந்தேன்."

அவள் போனதிலிருந்து நேரில் ஒரு மனிதரோடு நான் இவ்வளவு பேசியது இன்றுதான்.

அடுத்த மேட்சுக்கும் பக்கத்து சீட் காலி. சண்டைக்கு யார் வருகிறீர்கள்?