அரை அங்குல ஸ்பேசர்

எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் வேலை பார்த்தபோது என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதற்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மெட்ராசிலிருந்த என் மைத்துனர் அதற்கு நான்கு அலுமினிய வீல்கள் வாங்கி லாரியில் அனுப்பினார். மாட்டிப் பார்த்தேன்; கார் பத்து வயது குறைந்த மாதிரி நின்றது. ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் டயர்கள் உள்ளே கம்பியில் உரசின.

தெரிந்த லேத் பட்டறைக்காரரிடம் போனேன். டிரம்முக்கும் வீலுக்கும் நடுவில் வைக்க அரை அங்குலத் தடிமனில் இரண்டு வட்டத் தகடுகள் கடைந்து கொடுத்தார். ஸ்பேசர் என்றார். அது வீலை அந்த அளவுக்கு வெளியே தள்ளும், உரசாது.

"ஆனா ஒண்ணு சார். இத வச்சா ஸ்டட்டு, அதான் நட்டு மாட்டற போல்ட்டு, வெளிய நீட்டிக்கினு இருக்கிறது கொறஞ்சிடும். நட்டு எட்டு சுத்தாவது ஏறணும். பாண்டில நீள ஸ்டட்டு கெடைக்கும். அத மாத்தாம வண்டிய எடுக்காதீங்க."

"சரிண்ணே" என்றேன்.

பாண்டிக்குப் போகச் சோம்பல். ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் மனைவியின் தங்கைக்கு வளைகாப்பு. பழைய ஸ்டட்டிலேயே மாட்டினேன். நட்டு நாலு சுற்றில் இறுகிவிட்டது.

"பட்டறைக்காரரு சொன்ன ஸ்டட்ட மாத்திட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"ம்" என்றேன்.

விக்கிரவாண்டி தாண்டியதும் ஸ்டியரிங் உதறியது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன். இடது முன்வீலில் இரண்டு நட்டுகளைக் காணவில்லை. மீதி இரண்டும் விரலாலேயே சுழன்றன. மனைவியைப் பஸ் ஏற்றிவிட்டேன். ஸ்பேசரைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டி, குறைந்த நட்டுகளுக்குப் பின்வீல்களிலிருந்து ஒவ்வொன்று எடுத்துப் போட்டு, மாட்டுவண்டி வேகத்தில் வீடு திரும்பி, மறுபக்க ஸ்பேசரையும் கழற்றினேன்.

மறுநாள் சாயங்காலம் பட்டறைக்காரர் சைக்கிளில் வந்துவிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஸ்பேசரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நடு ஓட்ட லூசா பூட்ச்சோ? அளவு எடுக்கறப்ப அவசரப்பட்டுட்டேனோ?"

மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் இரண்டு ஸ்பேசர்களையும் பையில் போட்டு எடுத்துப் போனார்.

அடுத்த நாள் காலை பட்டறைக்குப் போனேன். வேறு வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஸ்பேசரை மிஷினில் கட்டி மெதுவாகச் சுழற்றி, கோணல் இருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அண்ணே, நான் ஸ்டட்டு மாத்தல."

மிஷினை நிறுத்தினார். திட்டுவார் என்று நின்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நம்ம வேலைல பிசகு இல்ல." பிறகு கேட்டார்: "வீட்டு அம்மாவும் அன்னிக்கு வண்டில இருந்தாங்க இல்ல?"

"இருந்தாங்க."

"அவங்ககிட்டயும் சொல்லிடுங்க சார்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"தெரியும். அவரு அத தடவிப் பாத்துக்கினு இருந்தப்ப நான் உங்க மூஞ்சியத்தான் பாத்தேன். அந்த மனுஷன் எங்கிட்ட வேற மன்னிப்பு கேட்டுட்டுப் போனாரு."

அந்த வாரமே பாண்டிக்குப் போய் நீள ஸ்டட்டுகள் வாங்கிவந்தேன். அவரே வந்து மாட்டிக் கொடுத்தார். அதன்பின் அந்த வீல்கள் ஒருநாளும் தொந்தரவு கொடுக்கவில்லை. ஆனால் என் மனைவி பல மாதங்கள் திண்டிவனத்துக்குப் பஸ்ஸில்தான் போய்வந்தாள். நானும் காரில் வரச்சொல்லி வற்புறுத்தவில்லை.