அண்ணன் கைக்கு ஒரு வாட்ச் வார்

வாட்ச் வார் மாத்துறதைக் கை வேலைன்னு நெனச்சுடாதீங்க, அது முட்டிபோட்டுத் தேடுற வேலை. வீட்ல மாத்திப் பார்த்து நொந்தவங்களுக்குத் தெரியும். வாரை வாட்ச்சோட பிடிச்சு நிக்கிற அந்த ஸ்பிரிங் பின்னு சீரகம் தண்டிதான் இருக்கும். பறந்தா பக்கத்து வீட்டுக்கே போயிடும். நான் கல்யாண மேடையில பலகுரல் பண்றவன். தொண்டை சொன்னபடி கேக்கும், விரல் கேக்காது.

கடைக்காரர் குரல்

எங்க அண்ணனுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரம் மூணு நாள் தஞ்சாவூர்ல டயாலிசிஸ். கை இளைக்க இளைக்க வார்ல ஒவ்வொரு ஓட்டையா உள்ள போகும். ஆனா பழைய ஓட்டைகிட்ட விழுந்த மடிப்பு அழியாது. ஆள் எவ்வளவு இளைச்சிருக்காருன்னு அதுவே ஊருக்குச் சொல்லிடும். எங்க வாய்க்கால்ல முறைத் தண்ணி, ஆளுக்கு இத்தனை மணி நேரம்னு. வாட்ச் கட்டாம அண்ணன் மடைக்குப் போனா ஆள் படுத்துட்டாருன்னு பேச்சு கிளம்பும், குத்தகை நிலம் கை மாறிடும். அதனால மடிப்பு விழ விழ புது வார்.

முதல்ல கடைக்குத்தான் போனோம். கடைக்காரர் நாலு பேர் முன்னால, "என்ன சார், போன மாசம்தானே போட்டீங்க, கை எங்க போச்சு?"ன்னுட்டாரு. பஸ்ல அதே குரல்ல நான் பேசிக் காட்டினேன். அண்ணன் சிரிச்சாரு, இருமினாரு, அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. "கடை வேணாம்டா. இனிமே நீயே மாட்டு."

அரிசியில பின்னு

முதல் பின்னு அண்ணி புடைச்சுக்கிட்டிருந்த அரிசியில போய் விழுந்துச்சு. ரெண்டு பேரும் ஒரு படி அரிசியை விரலால கிளறினோம், கிடைக்கலை. அண்ணி முறத்தைக் கீழ வெச்சாங்க. "தம்பி, உப்பு கூடாது, தண்ணி கூடாதுன்னாரு டாக்டரு. இரும்பு கூடாதுன்னு சொல்லலை, விடுங்க."

ரெண்டு நாப்பது

டயாலிசிஸ் ஊசி குத்துறதுக்காக இடது கையில ஆபரேஷன் ஆனதால வாட்ச் வலது கைக்கு மாறுச்சு. நான் பக்கிள் இருக்கிற துண்டை டயலோட பன்னெண்டு பக்கம் மாட்டாம ஆறு பக்கம் மாட்டிட்டேன். டயல்ல எண்ணும் கிடையாது, வெறும் கோடு. அண்ணி பழக்கத்துல தலைகீழா கட்டி விட்டுட்டாங்க. எட்டு மணிக்கு மெஷின் ஓட ஆரம்பிச்சுது. பத்து நிமிஷம் கழிச்சு அண்ணன் பார்க்குறாரு, ரெண்டு நாப்பது. முகத்துல சிரிப்பே இல்லாம நர்ஸைக் கூப்பிட்டாரு. "சிஸ்டர், நாலு மணி நேரம் எப்பவோ முடிஞ்சிடுச்சு, அவுத்து விடுங்க."

பாய் வந்தாரு

சிங்கப்பூர்லேருந்து லீவுல வந்த நிலத்துக்கார பாய், குத்தகை பேச கூத்தாநல்லூர்லேருந்து வரேன்னு போன் பண்ணினாரு. காலையிலயே புது வார் போட்டேன். கடைசி ஓட்டையிலயும் தொளதொளன்னு கிடந்துச்சு. இன்னொரு ஓட்டை போடவான்னேன். புது வார்ல கம்பியால குத்தினா பளிச்சுன்னு காட்டிக்கொடுத்துடும், வேணாம்னுட்டாரு அண்ணன்.

பாய் முன்னால அண்ணன் கையைக் கட்டிக்கிட்டு நின்னே பேசினாரு. நாத்து, நடவு, தண்ணி வரத்து, ஒண்ணு விடலை. பாய்க்கு முகம் தெளிஞ்சுடுச்சு. அவருக்குச் சேரை இழுத்துப் போடலாம்னு அண்ணன் கையைத் தொங்கவிட்டாரு. வாட்ச் அப்படியே விரல் வழியா இறங்கித் தரையில விழுந்துச்சு. பாய்தான் குனிஞ்சு எடுத்தாரு. திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. அவர் குரல் இறங்கிடுச்சு. "அண்ணே, பக்கிள் போட்டபடியேதானே இருக்கு. பின்ன எப்படிண்ணே விழுந்துச்சு?"

அன்னைக்குத்தாங்க, முதல் தடவையா நான் வாரைச் சரியா மாட்டியிருந்தேன்.