அவன் தண்ணீர் குடித்த விதம்

அவனை 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் கை ஓடவில்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவன், எங்கள் லைனுக்கு சூப்பர்வைசர், எதிரில் நின்றால் 'சார்' என்றுதான் கூப்பிட்டோம். இருந்தாலும் இங்கே அவன் அவன்தான்.

ஓசூரில் இருசக்கர வண்டிகளுக்கு வயர் கட்டு செய்யும் கம்பெனி அது. நகர்ந்துகொண்டே இருக்கும் பலகைகளில் வயர்களைப் பதித்து, டேப் சுற்றி, அடுத்தவளுக்கு விட வேண்டும். நாற்பது பெண்கள். ஒருத்தி நகர்ந்தாலும் வேலை குவிந்துவிடும். அதனால் பாத்ரூம் போக வேண்டியவள் கையைத் தூக்குவாள். சூப்பர்வைசர் தலையாட்டியதும் ரிலீவர் ஓடிப்போய் அவள் இடத்தில் நின்றுகொள்வாள். அந்த ரிலீவர் நான். கல்லாவியிலிருந்து வந்து, ஆறு வருடம் டேப் சுற்றிய பிறகு கிடைத்த இடம். நாற்பது பேருடைய வேலையும் தெரிந்தவளுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. அடுத்து லைன் லீடர் ஆக்குவதாக அவன் சொல்லியிருந்தான்.

கை தூக்கியதும் அவன் தலையாட்டிவிட மாட்டான். முதலில் பார்ப்பான். பார்த்துவிட்டான் என்பது அவளுக்குத் தெரியும்படி பார்ப்பான். பிறகு மேசையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியை மெதுவாகத் திருகி, அண்ணாந்து குடிப்பான். பக்கத்தில் நிற்கும் எனக்கு அவன் தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்கும். கண் மட்டும் தூக்கிய கையின் மேலேயே இருக்கும். குடித்து முடித்து, உதட்டைத் துடைத்து, "இன்னும் ரெண்டு போர்டு முடிச்சுட்டுப் போ கண்ணு" என்பான். ஒரு நாளும் யாரையும் திட்டியதில்லை. தீபாவளிக்கு எல்லோருக்கும் தன் கையாலேயே மைசூர்பாகு எடுத்துக் கொடுப்பான். நானும் வாங்கித் தின்றிருக்கிறேன்.

டார்கெட் நெருக்கடி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கவனித்தேன். வாய்க்காரிகள் கை தூக்கினால் உடனே அனுப்பிவிடுவான். கூச்சப்படுகிறவர்களைத்தான் நிறுத்திவைப்பான். அதிலும் தளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணை அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இருபது வயது. வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். கை தூக்கும்போதே காதுவரை சிவந்துவிடுவாள்.

சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். ஒருநாள் சோற்றைத் தொடாமல் சொன்னாள். "நீர்க்கடுப்புக்கா. அடக்கவே கூடாதுன்னு டாக்டரம்மா சீட்டுல எழுதிக் குடுத்திருக்காங்க. இங்க எப்படிக்கா அடக்காம இருக்கறது?"

"லீவு போடேன்."

"போட்டா நின்னுக்கோன்னு சொல்லிருவாங்க. வேலை போச்சுன்னா தையிலயே எங்க மாமனுக்குக் கட்டி வெச்சுருவாங்கக்கா. அவருக்கும் எங்கம்மாவுக்கும் ரெண்டே வயசுதான் வித்தியாசம். வேலைக்குப் போறான்னு சொல்லித்தான் எங்கப்பா தள்ளிப்போட்டுட்டு இருக்காரு."

நான் அனுபவசாலி அல்லவா, அறிவுரை சொன்னேன். "அந்தச் சீட்டை சார்கிட்டக் காட்டு. அவரும் மனுசன்தான, பொண்டாட்டி புள்ளைங்க இருக்கறவரு."

காட்டினாள். அவன் அதை இரண்டு தடவை படித்தான். நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "ஒடம்பப் பாத்துக்கம்மா" என்றான். அவள் கண் கலங்கிக் கும்பிட்டாள். பார்த்தாயா, நான் சொன்னேனே என்பது போல அவளைப் பார்த்துத் தலையாட்டினேன்.

அன்றிலிருந்து இரண்டு போர்டு ஐந்தாயிற்று. ஐந்து எட்டாயிற்று. அவள் கை தூக்கியதும் சட்டைப் பையை விரலால் ஒருமுறை தடவிக்கொண்டு பாட்டிலை எடுப்பான். எங்கே அழுத்தினால் அதிகம் வலிக்கும் என்று அவனுக்கு இடம் காட்டிக் கொடுத்தது நான்.

அது நடந்த நாளில் டார்கெட் நான்கு மணிக்கே முடிந்துவிட்டது. மிச்ச நேரத்துக்கு லைனை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேலையே இல்லை. அவனுக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தேன். அவள் கையைத் தூக்கினாள். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். அவன் என்னைப் பார்க்காமலே உள்ளங்கையை என் பக்கம் நீட்டினான். நின்றேன்.

பாட்டில் முழுவதையும் குடித்தான். அவள் கையை இறக்கவில்லை. மற்ற கையால் டேப் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்து, "பேகா அக்கா, பேகா" என்றாள். சீக்கிரம் என்கிறாள். அவசரத்தில் அவளுக்குத் தமிழ் வரவில்லை. அவன் அவள் மொழியிலேயே, கொஞ்சும் குரலில், "ஒந்தே நிமிஷம்மா" என்றான். ஒரே நிமிஷமாம். காலிப் பாட்டிலை மேசையில் வைத்து, மூடியை எடுத்து அதன் மேல் திருகினான்.

அவள் கை இறங்கியது. பச்சைத் தரையில் அவள் செருப்பைச் சுற்றி ஈரம் பரவியது.

அதுவரை யாரும் பார்க்கவில்லை. அவன் எழுந்து, லைன் முழுக்கக் கேட்கும்படி, "யாரும் அந்தப் பக்கம் பாக்காதீங்கம்மா. பாவம், பாப்பாவுக்கு முடியல" என்றான். நாற்பது தலையும் திரும்பியது. அவன் என் பக்கம் திரும்பிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஏன் சிரித்தேன் என்று பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பயம் என்று சொல்லலாம். லைன் லீடர் ஆசை என்று சொல்லலாம். அவன் சிரிக்கும்போது கூடச் சிரித்து என் வாய் பழகிவிட்டிருந்தது. அந்த வாயைக் கழுவ எந்தச் சோப்பும் போதாது.

அன்று ராத்திரி அறைக்குப் போய், இப்படிப்பட்டவர்களைப் பற்றி போனில் தேடினேன். அடுத்தவர் வலியைப் பார்த்து மகிழ்வது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவது, பயத்தைக் காட்டி ஆட்டிவைப்பது என்று வரிசையாகப் போட்டிருந்தது. ஒவ்வொன்றும் அவனை நிறுத்திவைத்து எழுதியது போலிருந்தது. ஒரு காலத்தில் மருத்துவர்கள் இதை ஆளுமைக் கோளாறு என்று பெயர் வைத்துச் சேர்க்கப் பார்த்தார்களாம். பிறகு விட்டுவிட்டார்களாம். நோய் என்று சொல்லிக் குற்றத்திலிருந்து தப்பிக்கப் பார்ப்பார்கள் என்ற கவலையும் ஒரு காரணமாம். நல்லதுதான் செய்தார்கள். அவனைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்ல என்னால் முடியாது. கூட நின்று சிரிப்பவளைப் பற்றி அங்கே ஏதாவது இருக்கிறதா என்றும் தேடினேன். கண்ணில் படவில்லை.

இரண்டு நாள் கழித்து, அவள் லைன் வேலைக்குத் தகுதியில்லை, நிறுத்திவிடலாம் என்று அவன் எழுதிக் கொடுத்தான். அவள் அழுதுகொண்டே எச்.ஆர். மேடத்திடம் போனாள். விசாரணை வைத்தார்கள். அவள் ஒரு நாற்காலியில், அவன் ஒரு நாற்காலியில். ரிலீவர் வேறு இடத்தில் வேலையாக இருந்ததாக அவன் சொன்னான். எதற்கும் கேட்டுவிடலாம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஆமாம் என்றால் அவளுக்கு வேலை போகும், தையில் கல்யாணம்.

"இல்லைங்க மேடம். நான் சும்மாதான் நின்னுட்டிருந்தேன். சார் கைய நீட்டி நிறுத்திட்டாரு. சீட்டையும் அவரு பாக்கெட்டுலதான் வெச்சிருக்காரு."

அவன் முகம் வெளுக்கும் என்று எதிர்பார்த்தேன். மேடம் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு கைய நீட்டினதுக்கா நின்னே? அந்தப் பொண்ணு கூப்பிட்டுட்டு இருக்கறப்பவா?"

மேசையில் எல்லோருக்கும் தண்ணீர் வைத்திருந்தார்கள். அவன் தன் பாட்டிலை எடுத்தான். மூடியை மெதுவாகத் திருகினான். கண் என் மேலேயே இருக்க, ஒரு மிடறு குடித்தான். இத்தனை நாளும் ஒவ்வொரு தடவையும் அவன் இரண்டு பேரை ருசித்திருக்கிறான், தவிக்கிறவளையும், பக்கத்தில் கட்டுண்டு நிற்கிற என்னையும். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவனை அதே கம்பெனியின் இன்னொரு யூனிட்டுக்கு மாற்றினார்கள். அங்கேயும் மைசூர்பாகு கொடுத்துக்கொண்டிருப்பான். அவளுக்கு வேலை தங்கியது. ஒரு வாரம் லீவு கொடுத்து, மருந்து வாங்கிக் கொடுத்து, திரும்ப லைனில் சேர்த்துக்கொண்டார்கள். என் சாட்சியால்தான் என்று மேடமே அவளிடம் சொன்னாராம். சாப்பாட்டு நேரத்தில் அவள் வேறு மேசைக்குப் போய்விட்டாள். கோபம் ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.

புது சூப்பர்வைசர் ஒரு பெண். கை தூக்கினால் போதும், தலையை நிமிர்த்தாமலே "போ, போ" என்று சொல்லிவிடுவாள். தளிப் பெண் லீவு முடிந்து வந்த மூன்றாம் நாள், பதினோரு மணி இருக்கும், அவள் கை மேலே போனது. "போ, போ" என்றது குரல். நான் ஓடினேன். லைனில் அப்படி ஓடியதே இல்லை. அவள் திரும்பி, வருவது நான் என்று பார்த்தாள். கையை இறக்கி, டேப்பை எடுத்துக்கொண்டாள்.

"போய்ட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"வேண்டாம்" என்றாள். டீ இடைவேளைக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டு, அவள் அடக்கிக்கொண்டாள்.