தருமன் மசித்த ஆப்பிள்

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற தருமன், ஆப்பிள் வாங்கியது ஆயுசிலேயே ஒரு தடவைதான். எழுபத்தெட்டாம் வருஷம், பெண்டாட்டி சின்னக்கண்ணுவின் தொண்டைப் புண்ணுக்கு ரிப்போர்ட்டு வாங்க வேலூருக்குத் தனியாகப் போனான். புற்று என்றார் டாக்டர். செய்ய இனி ஒன்றுமில்லை. முழுங்க முடிகிற வரைக்கும் ஆப்பிளை வேகவைத்து மசித்துக் கொடுத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தக் காலத்தில் ஆரணிப் பக்கம் ஆப்பிள் என்றால் நோயாளிப் பண்டம். ஒரு வீட்டுக்குள் ஆப்பிள் நுழைந்தால், படுத்திருப்பது யாரென்று தெருவே எட்டிப் பார்க்கும். சின்னக்கண்ணுவிடம் அவன், ஆறிப்போகும் புண் என்றே சொல்லிவைத்திருந்தான். அதனால் கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோதே, வேலூரில் வாங்கிய பழங்களைத் துண்டில் சுற்றிப் பைக்கு அடியில் அமுக்கினான். வாசனையை எந்தத் துண்டில் சுற்றுவது?

"இன்னாண்ணா, பையி கமகமன்னுது? மாமியா வூட்டு சீரா?" என்றாள் அடுத்த வீட்டுத் தனகோடி.

"ஆமா, ஒனுக்குத்தான் கொண்டாந்தேன். போயி தறியப் பாரு."

அடுப்பெரிப்பதில் தருமன் சூரன்தான். அதெல்லாம் சாயக் கொப்பரைக்கு அடியில். வீட்டு அடுப்பண்டை குந்தி ஒரு வெந்நீர்கூட வைத்ததில்லை. அன்றைக்குக் குந்தினான். மூத்த மகள் கன்னியம்மா தறியிலிருந்து எழுந்து வந்து, "வுடு நயினா, நான் செய்றேன்" என்றதற்கு எரிந்து விழுந்தான். தோலைச் சீவி, துண்டு போட்டு, சர்க்கரை சேர்த்து வேகவைத்து, மத்தால் கடைந்தான். சுரைக்காய்ப் பாயசம் என்று சொல்லி ஊட்டிவிடுவதாக உத்தேசம்.

ஆனால் சீவிய துண்டுகள் அடுப்பேறுமுன்பே பழுப்பேறியிருந்தன. மசித்தபோது சேற்று நிறம். இதைப் பார்த்து எவள் வாயைத் திறப்பாள்? சாயத்தில் நிறம் மங்கினால் தருமன் புளிப்பு விடுவான். பட்டு பளிச்சென்று எடுப்பாகிவிடும். யோசிக்கவே இல்லை, கை தானாக மாடத்திலிருந்த எலுமிச்சம்பழத்துக்குப் போனது. பிழிந்து கலக்கினான். கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு முழுக்க வராத மூச்சு அப்போதுதான் அவனுக்கு வந்தது.

சின்னக்கண்ணு சுவரோரம் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சித் தண்ணீர்கூட வேண்டாம் என்று இரண்டு நாளாகப் பட்டினி.

"இன்னா மாமா, அடுப்பாண்ட குந்திகினு? ஊட்டுக்காரி செத்துட்டாளா?"

"சொரக்காப் பாயசம். தின்னுட்டுப் பேசு."

"சொரக்கா எப்போலேந்து இப்பிடி மணக்குது?" சிரித்தாள். சிரித்ததே வலித்தது. "ஆப்பிள் வாங்கியாந்துகீற. அப்ப டாக்டரு ஆறாதுன்னுட்டாரு."

தருமன் கரண்டியால் மசியலை அள்ளினான்.

"சரி, குடு. இத்தினி வருசத்துல ஒருநாள் செஞ்சிகீற, பாக்கலாம்."

தானாக வாயைத் திறந்தாள். தருமன் ஊட்டினான். முழுங்கினாள்.

மறு கணம் தொண்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே மடங்கினாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. கன்னியம்மா ஓடிவந்து முதுகைத் தடவினாள்.

"எரியுது மாமா... இன்னாத்தப் போட்ட?"

"எலுமிச்ச."

"இன்னாத்துக்கு?"

"நெறத்துக்கு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நான் இன்னா பட்டு நூலாய்யா?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

மறுநாள் மிச்சப் பழத்தை எலுமிச்சை இல்லாமல் மசித்து, தானே நக்கிப் பார்த்து, ஆற்றிக்கொண்டு போனான். கரண்டியைக் கண்டதும் அவள் கை தொண்டைக்குப் போனது. உதடு பூட்டிக்கொண்டது. "இதுல ஒண்ணும் இல்லம்மே, சத்தியமா" என்று கெஞ்சினான். தலையை ஆட்டினாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

அந்த மசியலைப் பிள்ளைகள் தின்றார்கள். கடைக்குட்டி ஏனத்தை விரலால் வழித்து, "நல்லா கீது நயினா, இன்னும் கொஞ்சம்" என்றான். கன்னியம்மா அவன் தொடையில் கிள்ளினாள்.

ஆடி முடிகிற மட்டும் சின்னக்கண்ணுவின் உயிர் ஓடியது. பாலோ கஞ்சியோ எதையாவது கரைத்துக்கொண்டு தருமன் தினமும் பக்கத்தில் குந்துவான். நாக்கை நனைக்கிற அளவுக்குத் தண்ணீர் மட்டும் வாங்கிக்கொள்வாள். கரண்டி கிட்டே வந்தால் முகம் சுவர்ப்பக்கம் திரும்பிவிடும்.

"பசங்களுக்குக் குடு" என்பாள்.

அவனும் எழுந்துபோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தான்.