நார்வே நாட்டு அத்தை மகன்

பரகோவா என்ற கடற்கரை ஊரில் எனெய்டாவுக்கு இருந்த அளவுக்கு வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் வேறு யாருக்கும் கிடையாது. ஜெர்மனியிலிருந்து ஒரு சித்தி மகள் வந்தாள். கனடாவிலிருந்து மாமா பெண்டாட்டி வந்தாள். எல்லோரும் கடல் பார்த்த பின்னறையில் இரண்டு மூன்று நாள் தங்கி, காசு கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்கம்பக்கத்தில் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனாலும் வாசலில் புதுச் செருப்புச் சத்தம் கேட்டால் எனெய்டா ஆய்வாளரோ என்று எட்டிப் பார்ப்பாள்.

சாக்லேட் தொழிற்சாலையில் நின்றபடியே பொட்டலம் கட்டிக் கட்டியே முழங்கால் தேய்ந்து, வேலையை விட்டவள் அவள். தெருவில் மற்றவர்கள் உரிமம் வாங்கித்தான் அறையை வாடகைக்கு விடுகிறார்கள். அவளும் வாங்கியிருப்பாள், ஆனால் வீடு அப்பா வைத்துவிட்டுப் போனது. பத்திரத்தில் தம்பி எவெலியோவின் பெயரும் இருந்தது. கூட்டுச் சொத்தென்றால் இன்னொரு பங்காளியும் நோட்டரி முன்னால் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். அப்பாவைப் புதைத்த ஈரம் காயுமுன்னே, "வீட்டை வித்துப் பிரிச்சுக்கலாம்" என்றவன் எவெலியோ. எனெய்டா துடைப்பத்தைத் தூக்கினாள். அன்றோடு பேச்சு முறிந்தது. இப்போது போய்க் கேட்டால் விற்கிற கதையைத் திரும்ப எடுப்பான் என்று பயந்தே வருஷங்களை ஓட்டிவிட்டாள்.

ஒரு நாள் காலை, நார்வேக்காரன் ஓலாவ் வாழைக்காய் வறுவலை மென்றுகொண்டிருந்தபோது அறை உரிமங்களைச் சோதிக்கும் ஆய்வாளர் மிர்த்தா உள்ளே நுழைந்தாள்.

"யாரும்மா இவரு?"

"எங்க அத்தை மகன்ங்க."

"எந்த அத்தை?"

எனெய்டா வறுவல் தட்டை ஓலாவ் பக்கம் இன்னும் தள்ளிவைத்தாள். அவளுக்கு உதவ வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, ஓலாவ் வாசல் நிலை உயரத்துக்கு எழுந்து நின்று, அவள் சொல்லிக்கொடுத்ததைக் கணீரென்று ஒப்பித்தான். "நான் அத்தை மகன்!" அதோடு விட்டானா? "ரூம் ரொம்ப நல்லாருக்கு. நாளைக்கும் இருக்கலாமா? அதே ரேட்டா?"

மிர்த்தா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. திரும்பியபோது முகம் பழையபடி கறாராக இருந்தது.

"அபராதம் போட்டுத்தான் ஆகணும். இன்னொரு தடவை பார்த்தா அறைக்கு சீல் வெச்சுருவேன்." பிறகு பின்னறையை எட்டிப் பார்த்தாள். "தனி பாத்ரூம் இருக்கு, காத்து வருது, தண்ணி வருது. விதிப்படி என்ன குறை? எதுக்கும்மா உனக்கு இந்த அத்தையும் சித்தியும்?"

எனெய்டா அழுதேவிட்டாள். தம்பி கதை முழுவதும் வந்தது.

"தம்பி என்ன, புலியா? போய்க் கேளு. முடியாதுன்னா அப்புறம் அழு."

ஓலாவை அன்றே உரிமம் உள்ள பக்கத்து வீட்டில் விட்டாள். மறுநாள் லாரி ஏறி, தம்பி இருக்கும் யுமுரி ஆற்று முகத்துவாரத்துக்குப் போனாள். எவெலியோ மணலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் முதலில் அவள் கையைத்தான் பார்த்தான்.

"துடைப்பம் கொண்டாரலையாக்கா?"

"லாரில ஏத்த விடல."

அவன் சிரித்தபோது அப்பா சிரித்த மாதிரி இருந்தது. அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் வாயையே பார்த்தாள்.

"இதைக் கேக்கவா இத்தனை வருஷம்? அன்னிக்கி எனக்குப் படகுப் பைத்தியம், அதான் வித்துரலாம்னேன். இப்ப முதுகு போச்சு, படகைப் பார்த்தாலே எரிச்சலா வருது. நீ கூப்பிடுவே கூப்பிடுவேன்னு பார்த்தேன். நானா வந்தா அடிப்பியோன்னு பயம்."

"அடிச்சிருப்பேன்."

"சம்மதம். ஆனா ஒரு நிபந்தனை. என் பொண்டாட்டி என்னைத் தொரத்துனா அந்த ரூம் எனக்கு."

"அடப் போடா! அது விருந்தாளி ரூம். உனக்குக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்துல பாய் போடுறேன்."

நோட்டரியிடம் இருவரும் போன அன்று எவெலியோ சலவைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி வந்தான். சில வாரங்களில் உரிமம் வந்தது. உரிமம் பெற்ற வீடு என்று காட்டும் நீலச் சின்னத்தை வாசலில் ஆணியடித்தவனும் அவன்தான். கோணலாக அடித்துவிட்டு, தெருதான் கோணல் என்று சாதித்தான்.

அடுத்து வந்தவர்கள் ஒரு பிரெஞ்சுத் தம்பதி. வந்தவர்களைப் பற்றி உடனே குடிவரவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது உரிமக்காரர்களின் கடமை. மற்ற வீட்டுக்காரிகள் இந்த நடையைச் சனியன் என்று திட்டுவார்கள். எனெய்டா நல்ல பாவாடை உடுத்திக்கொண்டு போனாள். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் அவர்களுடைய பெயரையும் நாட்டையும் ஒளிவுமறைவில்லாமல், ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னாள். திரும்பும்போது தேங்காய் மிட்டாய் ஒன்று வாங்கி, கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து, முழங்காலை நீட்டிவிட்டு, அவசரமில்லாமல் தின்றாள்.