பத்து நிமிடம் கூட ஓடும் கடிகாரம்

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் கூட ஓடும். பழுது இல்லை, பஸ்ஸை விடக்கூடாதென்று நாங்களே வைத்தது. நானும் என் வீட்டுக்காரரும் அதைப் பார்த்ததும் பத்தைக் கழித்துக்கொள்வோம். பின் எதற்கு வைத்தீர்கள் என்று கேட்காதீர்கள். செஞ்சியில் பாதி வீடுகளில் இதே கூத்துதான்.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் எனக்கு நேர்காணல் வந்தது. பத்து மணிக்கு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். ஏற்கெனவே மூன்று இடங்களில் கைநழுவிய வேலை. இதுவும் போனால் டியூஷனே கதி. பாடம் சார்பியல்: தூரத்தில் இருக்கும் இரண்டு கடிகாரங்களை எப்படி ஒரே மணிக்கு வைப்பது? முதல் நாள் சாயங்காலம், தையல்கடை வைத்திருக்கும் வீட்டுக்காரரை மொட்டைமாடியில் மாணவராக உட்காரவைத்தேன்.

“நட்ட நடுவுல விளக்கைப் போட்டா, வெளிச்சம் ரெண்டு கடிகாரத்துக்கும் ஒரே நேரத்துல போய்ச் சேரும். அப்ப ரெண்டையும் ஒரே மணிக்கு வெச்சிடலாம்.”

“நடு எதுன்னு எப்டித் தெரியும்? டேப்பை ரெண்டா மடிச்சா?”

“டேப் எட்டாத தூரங்க. வெளிச்சம் ரெண்டு பக்கமும் போய், பட்டுத் திரும்பி வர்ற நேரம் ஒண்ணா இருந்தா அது நடு.”

“மேல்சித்தாமூருக்கு சைக்கிள்ல போனா எதிர்காத்து, வரும்போது தள்ளிவுடுது. வெளிச்சம் போறதும் வர்றதும் ஒரே வேகம்னு யாரு பார்த்தது?”

எனக்குச் சுருக்கென்றது. அன்று முழுக்கத் தேடித்தேடிப் படித்துத்தான் நான் அந்தக் கேள்விக்கே வந்து சேர்ந்திருந்தேன்.

“யாரும் பார்க்கல. அப்படின்னு எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கிறோம், அவ்ளோதான்.”

காலையில் கடிகாரம் எட்டு நாற்பது காட்டியது. பத்தைக் கழித்தேன், எட்டரை. எட்டே முக்கால் பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது. புடவை மடிப்பை இன்னொரு முறை எடுத்துவிட்டு, நிதானமாக பஸ் ஸ்டாண்டு போனேன். பஸ் போய்விட்டிருந்தது.

போனைப் போட்டுக் கத்தினேன். “கடிகாரத்தை இன்னா பண்ணீங்க?”

“நேத்து நீ பாடம் எடுத்தியே, அதான் கரெக்டா வெச்சிட்டேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?”

அழுகையே வந்துவிட்டது. கடையை அப்படியே பூட்டிவிட்டு பைக்கில் வந்தார். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, கலைந்த தலையோடு கல்லூரிக்குள் ஓடினேன்.

வகுப்பு முடிந்ததும் ஒரு பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். “ஒளி போவதும் வருவதும் ஒரே வேகம் என்று யார் பார்த்தது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நேற்றே கேட்டுவிட்டார்கள் சார்” என்று சொல்லி, எங்கள் வீட்டுக் கடிகாரத்திலிருந்து பதிலை ஆரம்பித்தேன்.

வேலை கிடைத்தது. கடிகாரம் மறுபடியும் பத்து நிமிடம் கூட ஓடுகிறது. இந்த முறை அவர் ஸ்டூலில் ஏறி முள்ளைத் திருப்பினார், நான் கீழே நின்று போதும் என்றேன்.